தடைபடா முறையும் தளந்தோறும் சோதனையும்

ஒரு சொல் வழங்கும் ஊரெல்லாம் அஃது ஒரே பொருளில் வழங்குமென்று எண்ணுதல், மொழி பயில்வோர் முதற்கண் நீக்கவேண்டிய மயக்கங்களுள் ஒன்றாம். இலக்கணம் ஒன்றாயிருப்பினும் வழக்கு இடந்தோறும் வேறுபடும். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்வுண்மை வகுப்பறையிற் கிடைத்தது; ஆயின் அதன் ஆற்றலை யான் முற்றும் உணர்ந்தது நூல்நிலையத்தின் ஒரு மூலையில், இரண்டு கணினிகளின் நடுவே அமர்ந்திருந்தபோதேயாம்.

விடுதியில் என்னுடன் உறையும் நண்பர் ஒருவர் கணினியியல் பயில்பவர். பழைய மலர்த் தொகுதிகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துச் சேமிக்கும் பணியில் நாங்களிருவரும் ஈடுபட்டிருந்தோம். தொட்டால் உதிரும் தாள்கள் அவை. ஒருமுறைக்கு மேல் விரித்தல் தகாதென்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. படங்களை ஒரு கணினியினின்று மற்றொன்றுக்கு அனுப்புதற்கு நண்பர் சி மொழியில் ஒரு சிறு நிரல் இயற்றினார். லினக்ஸ் இயங்குதளம் உடைய தம் கணினியில் அதனைப் பன்முறை சோதித்தார். பழுது யாதுங் கண்டிலர். பின்னர் அந்நிரலே, சிறிதும் மாற்றப்படாமல், வேறோர் இயங்குதளம் உடைய கணினியில் அமர்த்தப்பட்டது. அனுப்பும் வேலை விரைவில் முடிந்தது. பிழையென்று ஒரு வரியும் திரையில் தோன்றவில்லை.

மூலப்படிகளை நீக்கி இடம் ஒழிக்கலாமென்று கருதிய மாலையில், யான் ஏதோ ஓர் எண்ணத்தால் ஒரு பக்கத்தைத் திறந்து நோக்கினேன். மேற்பாதி இருந்தது, கீழ்ப்பாதி எழுத்தொன்றுமின்றிச் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. அடுத்ததும் அவ்வாறே. அளவிற் சிறிய படங்கள் யாவும் நிறைவாயிருந்தன. பெரியன யாவும் குறைந்திருந்தன. அன்று அப்பக்கத்தைத் திறவாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது.

இக்குறை எந்த இயங்குதளத்தின் குற்றமும் அன்று. எம் நிரலின் குற்றம். அதனினும் மேலாக எம் சோதனையின் குற்றம். அஃது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சாக்கெட்டும் அதன் இருவகை நடையும்

ஒரு நிரல் பிறிதொரு நிரலோடு வலைவழிப் பேசுதற்கு அமைந்த வாயில் சாக்கெட்டு எனப்படும். 1983-ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிப் பகுதியார் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் பதிப்பின் வாயிலாக இது பரவலாயிற்று. கனெக்ட், அக்செப்ட், செண்ட், ரிசீவ் என அன்று வகுத்த ஏவல்களே இன்றும் வழங்குகின்றன. விண்டோஸுக்கென 1990-களின் தொடக்கத்தில் எழுந்த வின்சாக் என்னும் அமைப்பும் அம்மரபையே தழுவிற்று. யூனிக்ஸ் வழிவந்த தளங்களுக்குப் பொதுவிதி கூறும் போசிக்ஸ் நூலின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவ்வேவல்கள் இடம்பெற்றுள்ளன. ஆதலின் எல்லாத் தளங்களிலும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே என்க.

சாக்கெட்டு இருவகையாக நடக்கும். தபால் நிலையத்திற்குச் சென்ற ஒருவன், தனக்குக் கடிதம் வரும்வரை அவ்விடத்தை விட்டு அகலாது நிற்பானாயின், அது தடைபடு முறை. 'கடிதம் உண்டோ?' என வினவி, 'இப்போது இல்லை' என்னும் விடை கேட்டவுடன் தன் பிற வேலைகளைக் கவனிக்கச் செல்வானாயின், அது நான்-பிளாக்கிங் எனப்படும் தடைபடா முறை. ஒரே நிரல் பல்லாயிரம் பேருக்கு ஒருங்கே விடையளிக்கவேண்டிய இடத்தில், ஒருவருக்காக நின்றால் ஏனையோர் யாவரும் நிற்கவேண்டுமாதலின், இரண்டாம் முறை இன்றியமையாததாயிற்று.

இம்முறையில் வாங்கும் ஏவலுக்கு விடை பலவகைப்படும். வந்த பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்று. சுழி என்னும் விடை ஒன்று. எதிராளி அனுப்புதலை முடித்துக்கொண்டான் என்பது அதன் பொருள். 'இப்போது இல்லை, பின்னர் வருக' என்னும் குறி மற்றொன்று. உண்மையான பிழைக்குறிகள் இவற்றின் வேறாவன. சுழியையும் 'இப்போது இல்லை' என்பதையும் ஒன்றாக மயங்கும் நிரல், பேச்சு முடியுமுன்னரே எழுந்து சென்றுவிடும். அன்றேல் முடிந்த பேச்சுக்கு முடிவின்றிச் செவிசாய்த்து நிற்கும்.

அனுப்புவதில் உள்ள இடர் இதனினும் நுண்ணியது. நாம் அனுப்புவது நேரே எதிராளியிடம் செல்வதில்லை. இயங்குதளத்தின் உள்ளகமாகிய கெர்னல், அதனை முதலில் தன் தேக்கத்தில் ஏற்கின்றது. வாய்க்கால் நிறைந்தபின் மடைதிறந்து ஊற்றிய நீர் யாது செய்யும்? தடைபடு முறையில், இடம் உண்டாகும்வரை கெர்னல் நம்மை நிறுத்திவைத்து, முழுவதையும் ஏற்றபின்னரே விடுக்கும். தடைபடா முறையில், இடம் உள்ள அளவே ஏற்றுக்கொண்டு, 'இத்தனை பைட்டுகள் ஏற்றேன்' என்று எண்ணிக்கையைக் கூறிவிடும். எஞ்சியதை நினைவிற்கொண்டு மீண்டும் அனுப்புதல் நிரலின் கடமை. அவ்விடையை நோக்காத நிரல் எஞ்சியதை இழக்கும். இவ்விழப்பில் பிழைக்குறி எழாது. கெர்னல் தான் ஏற்ற அளவை உண்மையாகவே கூறிற்றன்றோ? கேளாதவன் பிழையே அது.

தளந்தோறும் வேறுபடுவன

நிற்க. சொல் ஒன்றாயிருந்தும் நடை வேறுபடும் இடங்கள் சிலவற்றைக் காண்பாம்.

முதலாவது, 'இப்போது இல்லை' என்னும் குறியின் எண். பெரும்பான்மைக் கணினிகளில் இயங்கும் லினக்ஸில் அஃது 11, ஃபிரீ பி.எஸ்.டி., மேக் ஆகியவற்றில் 35, விண்டோஸில் 10035. இதில் ஒரு வியப்பும் உண்டு. லினக்ஸில் 35 என்பது, இரு நிரல்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முட்டிநிற்கும் நிலையைத் தவிர்த்தமையைக் குறிக்கும்; பி.எஸ்.டி. மரபிலோ அப்பொருளுக்குரிய எண் 11. இரண்டெண்களும் தம்முள் இடம் மாறி நிற்கின்றன! ஆதலின் எண்ணை நேரே எழுதிய நிரல் ஒரு தளத்தில் மெய்யும் மற்றொரு தளத்தில் பொய்யும் பேசும். பெயரைக்கொண்டே எழுதவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, இணைப்புத் தொடங்குதல். தடைபடா முறையில் கனெக்ட் என்று ஏவினால், 'வேலை நடைபெறுகின்றது' என்னும் தனிக்குறியை யூனிக்ஸ் வழித் தளங்கள் தரும். விண்டோஸோ, வாங்கும்போது 'இப்போது இல்லை' என்பதற்குத் தரும் அதே 10035-ஐ இங்கும் தருகின்றது. ஒரே கணினிக்குள் இணையும்போது சில தளங்களில் வேலை உடனே முடிந்து வெற்றியும் கிட்டலாம். இணைப்பு மறுக்கப்பட்டதாயின், செலக்ட் என்னும் ஏவல்வழி நோக்குவார்க்கு, யூனிக்ஸ் வழித் தளங்களில் அச்சாக்கெட்டு 'எழுதத்தக்கது' என்னும் வரிசையில் தோன்றும். விண்டோஸில் 'விலக்கு' என்னும் வரிசையில் தோன்றும். எழுதத்தக்கது என்று கேட்டவுடன் இணைந்துவிட்டோம் என மகிழ்தலும் தவறு. விலக்கு வரிசையை நோக்காதிருத்தலும் தவறு. விண்டோஸில் போல் என்னும் ஏவலுக்கு ஒப்பாய் அமைந்த டபிள்யூ.எஸ்.ஏ. போல், தோல்வியுற்ற இணைப்பைப் பன்னாள் அறிவியாதிருந்து, விண்டோஸ் 10-இன் 2004 எனப் பெயரிட்ட பதிப்பிலிருந்தே அறிவிக்கலாயிற்று. பழைய பதிப்பில் அதனை நம்பிய நிரல் வாராத செய்திக்காகக் காத்துக்கிடந்திருக்கும்.

மூன்றாவது, எம் பக்கங்களைப் பாதியாக்கியது. வருவாரை எதிர்பார்த்து நிற்கும் சாக்கெட்டு ஒன்று. ஒருவர் வந்தபின் அக்செப்ட் என்னும் ஏவலால் அவருக்கெனப் பிறக்கும் சாக்கெட்டு மற்றொன்று. தாய்ச் சாக்கெட்டைத் தடைபடா முறையில் அமைத்தால் சேய்ச் சாக்கெட்டு அக்குணத்தைப் பெறுமோ? பி.எஸ்.டி. மரபில் பெறும், லினக்ஸில் பெறாது. எம் நண்பர் தாய்க்கு மட்டும் அக்குணத்தை அமைத்திருந்தார். லினக்ஸில் சேய் தடைபடு முறையிலேயே பிறந்தமையால், ஒரே செண்டில் முழுப் படமும் ஏற்கப்பட்டது. பி.எஸ்.டி. மரபினதாகிய மற்றைத் தளத்தில் சேயும் தடைபடாததாய்ப் பிறந்தது. தேக்கத்தில் அடங்கிய அளவே ஏற்கப்பட்டது. நிரல் அவ்வெண்ணிக்கையை நோக்காமல் சாக்கெட்டை மூடிற்று. எதிர்ப்பக்கத்து நிரலோ சுழி என்னும் விடையைக் கண்டு, 'முழுதும் வந்தது' என மகிழ்ந்தது. தேக்கத்தில் அடங்கிய சிறு படங்கள் பிழைத்தன. பெரியவை தலையோடு நின்றன.

நான்காவது, எதிராளி மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதுதல். யூனிக்ஸ் வழித் தளங்களில், வேறு ஏற்பாடு செய்யாவிடின், சிக்பைப் என்னும் சமிக்ஞை எழுந்து நிரலையே முடித்துவிடும். லினக்ஸில் அனுப்பும்போது ஒரு குறிப்புச் சேர்த்தும், மேக் தளத்தில் சாக்கெட்டின்மேல் ஒரு விருப்பம் அமைத்தும் அதனைத் தவிர்க்கலாம். விண்டோஸில் அச்சமிக்ஞையே இல்லை. பிழைக்குறி மட்டும் வரும். அதனால் விண்டோஸில் மட்டுமே சோதித்தவர் இவ்வாபத்தைக் கனவிலுங் காணார்.

ஐந்தாவது, பல சாக்கெட்டுகளுள் எவை ஆயத்தம் என்று அறிவிக்கும் முறை. செலக்ட் எங்கும் உள்ளது; எனினும் அதன் வரம்பு லினக்ஸில் 1024, விண்டோஸில் இயல்பாக 64. இதனினும் வல்லனவாக விண்டோஸில் ஐ.ஓ.சி.பி., ஃபிரீ பி.எஸ்.டி.யில் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய கே-கியூ, லினக்ஸில் ஈ-போல் என வெவ்வேறு கருவிகள் உள்ளன. ஈ-போலில் 'விளிம்பு' முறையைத் தெரிந்துகொண்டால், புதிதாக ஒன்று வரும்போது மட்டுமே அறிவிப்பு எழும். 'இப்போது இல்லை' என்னும் விடை வரும்வரை வாங்கித் தீர்க்காத நிரல், தேக்கத்தில் செய்தி கிடக்கவும் வாளா இருக்கும். இன்னும், ஆயத்தம் என்று செலக்ட் கூறியபின்னரும் வாங்கச் சென்றவன் தடைபட்டு நிற்றல் லினக்ஸில் நேரலாம். வந்த பொதி பிழையுடையதென்று பின்னர்த் தள்ளப்படுதல் அதற்கு ஒரு காரணம். ஆதலின் அறிவிப்பை நம்பித் தடைபடா முறையைக் கைவிடல் ஆகாது.

சோதனை எவ்வாறு அமையவேண்டும்

எம் பழைய சோதனையை இப்போது எண்ணிப்பார்ப்பின், அதில் இரண்டு குறைகள் புலப்படுகின்றன. ஒரு தளத்தில் மட்டும் சோதித்தோம் என்பது ஒன்று. நல்ல எதிராளியை வைத்தே சோதித்தோம் என்பது மற்றொன்று. ஒரே கணினிக்குள், சிறிய செய்தியை, விரைந்து வாங்கும் எதிராளிக்கு அனுப்பினால் தேக்கம் நிறைவதேயில்லை; 'இப்போது இல்லை' என்னும் விடை பிறப்பதுமில்லை. எந்த விடைக்காக நிரலில் வழி அமைத்தோமோ அவ்விடை ஒருகாலும் வாராத சோதனை, சோதனை எனப்படாது. ஆதலின் தீய எதிராளிகளை நாமே படைத்துக்கொள்ளவேண்டும். அவர் ஐவர்.

வாங்காத எதிராளி முதல்வன். இவன் இணைந்துவிட்டு ஒன்றும் வாங்கான். இருபுறத்துத் தேக்கங்களையும் சிறிதாக்கி, 'இப்போது இல்லை' என்னும் விடை வரும்வரை அனுப்புக. ஏற்கப்பட்ட பைட்டுகளை எண்ணிக்கொள்க. பின்னர் அவனை வாங்கச் செய்து, மொத்த எண்ணிக்கையும், பைட்டுதோறும் உள்ளடக்கமும் ஒத்தனவா என்று நோக்குக. இத்தனை பைட்டுகளில் தேக்கம் நிறையும் என்று முன்னரே எண் குறித்தல் கூடாது. லினக்ஸ் நாம் கேட்ட தேக்க அளவை இருமடங்காக்கி வைத்துக்கொள்ளும். பிற தளங்களின் கணக்கு வேறு. குறித்த எண்ணைத் தேடாமல், நேரவேண்டிய நிகழ்ச்சியைத் தேடுக.

துளித்துளியாக அனுப்பும் எதிராளி இரண்டாமவன். ஒவ்வொரு பைட்டாக, இடைவிட்டு அனுப்புவான். தமிழர்க்கு இச்சோதனை மிகவும் வேண்டுவது. யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. 'க' என்பதற்கு மூன்று பைட்டு. 'கி' என்பதற்கு ஆறு. வந்த துண்டத்தை உடனே எழுத்தாக மாற்ற முயலும் நிரல், ஆங்கிலத்தில் பிழையின்றி நடந்து, தமிழில் எழுத்தின் நடுவே வெட்டுண்டு தடுமாறும்.

மறுக்கும் எதிராளி மூன்றாமவன். ஒருவருங் காத்திராத வாயிலுக்கு இணைப்புத் தொடங்கி, தோல்வி தெளிவாக அறியப்படுகின்றதா என்று காண்க. விண்டோஸ், மறுக்கப்பட்ட இணைப்பை மீண்டும் முயன்றபின்னரே தோல்வியை அறிவிப்பதாகலின், காலவரையறையை மிகக் குறுக்கி வைத்தல் தகாது.

அறுக்கும் எதிராளி நான்காமவன். பேச்சின் நடுவே இணைப்பை முறிப்பான். லிங்கர் என்னும் விருப்பத்தை இயக்கி அதன் காலத்தைச் சுழியாக வைத்து மூடினால், முறையான விடைபெறுதலின்றி இணைப்பு அறுபடும். சிக்பைப் சமிக்ஞையால் மடியும் நிரல் எது என்பதை இவன் காட்டிக்கொடுப்பான்.

ஐந்தாமவன் வலையில் இல்லை, நிரலுக்குள்ளேயே உறைபவன். செண்ட், ரிசீவ் ஆகிய ஏவல்களை நேரே அழையாமல், இடையில் ஓர் ஏவலாளனை அமர்த்துக. சோதனையின்போது அவன் ஆயிரம் பைட்டுக் கொடுத்தால் ஒன்றையே ஏற்பான். சிலமுறை காரணமின்றி 'இப்போது இல்லை' என்பான். அரிதில் நேரும் நிலைகள் யாவும் இவனால் எந்தத் தளத்திலும் வேண்டியபோது நேரும். ஆயினும் இவன் மெய்த்தளத்திற்கு ஈடாகான். சேய்ச் சாக்கெட்டு தாயின் குணத்தைப் பெறுமா என்பதை இவன் எவ்வாறு அறிவான்? ஆதலின் முன்னைய நால்வரையும் லினக்ஸ், ஃபிரீ பி.எஸ்.டி., மேக், விண்டோஸ் எனத் தளந்தோறும் நிறுத்தியே தீரவேண்டும்.

இச்சோதனைகளில் 'ஒரு நொடி உறங்கி, பின் நோக்குக' என்று எழுதுதல் பலர்க்கும் வழக்கம். வேகமான கணினியில் அது வீண்; மெதுவான கணினியில் அது பொய். நிகழ்ச்சி நேரும்வரை காத்து, தாராளமானதோர் எல்லைக்குள் நேராவிடின் தோல்வி என்று கூறுதலே முறை.

முடிவுரை

நாங்கள் நிரலைத் திருத்தியது சில வரிகளிலேயே. சேய்ச் சாக்கெட்டின் குணத்தைத் தளத்தின் விருப்புக்கு விடாமல் நாமே அமைத்தோம். ஏற்கப்பட்ட அளவை ஒவ்வொரு முறையும் நோக்கி எஞ்சியதை மீண்டும் அனுப்பினோம். படத்தின் அளவை முதலில் கூறி, அவ்வளவு வந்தபின்னரே நிறைவென்று கொள்ளுமாறு வாங்கும் நிரலையும் மாற்றினோம். வாங்காத எதிராளியை இரு தளங்களிலும் நிறுத்தினோம். பழைய நிரலை அவன்முன் வைத்தபோது, லினக்ஸில் அது வாய்திறவாது நின்றுவிட்டது. மற்றைத் தளத்தில் அது மனநிறைவோடு பாதியை அனுப்பிச் சென்றது. ஒரே நிரலின் இருவேறு குற்றங்களையும் அன்றே கண்ணாற் கண்டோம். பின்னர் எல்லாப் பக்கங்களையும் மீண்டும் அனுப்பி, ஒன்று விடாமல் ஒப்புநோக்கிய பின்னரே மூலப்படிகளில் கைவைத்தோம்.

ஏடு பெயர்த்து எழுதியோர் ஒரு வரியை விட்டுவிட்டால், அவ்வேட்டில் வெற்றிடம் தோன்றாது. அடுத்த வரி அமைதியாக வந்து பொருந்தும். பிறிதோர் ஏட்டோடு ஒப்புநோக்குவார்க்கே அவ்விழப்புப் புலனாகும். கணினியிலும் அவ்வாறே. பிழை கூறாத நிரல் பிழையற்ற நிரல் என்று கொள்ளற்க. பொதுவிதி நூல் வழிகாட்டும். வழக்கை அறிவிப்பது சோதனையே. அச்சோதனையும், நம் நிரலுக்கு இனியவனை விடுத்து இன்னாதவனை எதிர்நிறுத்தி, அது வாழப்போகும் ஒவ்வொரு தளத்திலும் செய்யப்படுவதாக.